மாநிலம் கடந்த விற்பனை வரியும் காஞ்சிபுரம் பட்டும்

மாநிலங்களுக்கிடையேயான விற்பனை வரி என்பது, ஒரு மாநிலத்து வணிகர் இன்னொரு மாநிலத்தவருக்குப் பொருளை விற்று அனுப்பும்போது விதிக்கப்படும் வரியாகும். விற்றவரின் மாநிலமா, வாங்கியவரின் மாநிலமா, யாருக்கு அந்த வரி உரியது என்பது இந்தியாவில் நெடுங்காலம் நீடித்த வழக்கு. காஞ்சிபுரம் பட்டு நெசவு இந்த வழக்கின் நடுவே அமைந்த தொழில். அதற்கு வேண்டிய பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும், சரிகை குசராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. நெய்த சேலையோ இந்தியா முழுவதும் விற்கிறது.

எல்லை கடக்கும் சரக்கின் மீதான வரி பழமையானது. முதலாம் குலோத்துங்க சோழனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் வழங்கியதிலிருந்தே, சுங்கம் மக்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை உணரலாம். சென்னை மாகாணத்தில் உள்நாட்டு வழிச்சுங்கம் 1844இல் நீக்கப்பட்டது.

இன்றைய விற்பனை வரி 1939இல் வந்தது. மதுவிலக்கால் வருவாய் குறைந்த நிலையில், இராசாசியின் அமைச்சரவை சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிற மாகாணங்களும் இவ்வழியைப் பின்பற்றின. ஒரே சரக்கின் மீது இரண்டு அரசுகள் உரிமை கோரும் நிலை இதனால் உருவானது.

அரசியலமைப்பின் 286ஆம் பிரிவு இதைத் தீர்க்க முயன்றது. ஆனால் அதன் விளக்கமே புதிய குழப்பமாயிற்று. பொருள் நுகரப்படும் மாநிலம் வெளிமாநில விற்பனையாளர் மீதும் வரி விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 1953இல் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில் கூறியது. இதன்படி, பல மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பும் வணிகர் அத்தனை மாநிலங்களிலும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. கல்கத்தாவின் பெங்கால் இம்யூனிட்டி நிறுவனம் பீகாரின் வரிக் கோரிக்கையை எதிர்த்து வழக்காடியது. 1955இல் நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையில் தன் முந்தைய தீர்ப்பையே மாற்றியது. (அமெரிக்காவிலும் இதே கேள்வி பல பத்தாண்டுகள் இழுபட்டு, 2018இல் சவுத் டகோட்டா எதிர் வேஃபேர் வழக்கில்தான் வாங்குபவரின் மாநிலத்துக்குச் சாதகமாக முடிந்தது.)

அதன்பின் 1956இல் ஆறாம் அரசியலமைப்புத் திருத்தமும் மத்திய விற்பனை வரிச் சட்டமும் வந்தன. சட்டம் நடுவண் அரசுடையது. ஆனால் வரியை வசூலித்து வைத்துக்கொண்டது சரக்கு புறப்படும் மாநிலம். பதிவுபெற்ற வணிகர் ‘சி’ படிவம் கொடுத்து வாங்கினால் தொடக்கத்தில் வரி 1 விழுக்காடு. அது 1963இல் 2, 1966இல் 3, 1975இல் 4 விழுக்காடாக உயர்ந்தது. படிவம் வந்து சேராவிட்டால் விற்றவர் கூடுதல் வரி கட்ட நேர்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரு தாளுக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்த வணிகர்கள் ஏராளம்.

இவ்வரியின் பெரிய குறை அதற்குக் கழிவு இல்லாமையே. தமிழ்நாட்டில் 2007இல் மதிப்புக்கூட்டு வரி வந்தபின், உள்ளூரில் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ள முடிந்தது. விலக்குப் பெறாத சரக்கை வெளிமாநிலத்தில் வாங்கினால் மட்டும், கட்டிய மத்திய வரி அடக்கவிலையிலேயே தங்கிவிட்டது. அதுவும் போய்ச் சேர்ந்தது பிற மாநிலத்தின் கருவூலத்துக்கு. இவ்வரி 2007இல் 3 விழுக்காடாகவும் 2008இல் 2 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

2017 சூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது நிலைமை தலைகீழானது. வெளிமாநிலக் கொள்முதலுக்குக் கட்டும் ஒருங்கிணைந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். மாநிலத்தின் பங்கு நுகர்வு நடக்கும் இடத்துக்குச் செல்கிறது. காஞ்சிபுரம் கடையில் ஒருவர் பட்டுச் சேலையைக் கையில் வாங்கிச் சென்றால், பில்லில் வெளிமாநில முகவரி இல்லாதவரை, 5 விழுக்காட்டு வரியில் பாதி தமிழ்நாட்டுக்கு உரியது. அதே சேலையை ஐதராபாத்துக் கடைக்கு அனுப்பி அது அங்கே விலைபோனால், அந்தப் பாதி தெலங்கானாவுக்குப் போகும்.

உற்பத்தி மிகுந்த மாநிலம் என்பதால் தமிழ்நாடு இந்த மாற்றத்தை எதிர்த்ததில் வியப்பில்லை. 2016 ஆகத்தில் மாநிலங்களவையில் இதற்கான திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். மாநிலங்களின் இழப்பை ஈடுசெய்ய ஐந்தாண்டு இழப்பீடு உறுதியளிக்கப்பட்டது. அந்தக் காலம் 2022 சூனில் முடிந்தது.