மரத்திற் பொறிக்க மறுத்த பெயர்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே, கலிபோர்னியா மாநிலத்துச் சியரா நெவாடா மலைச்சாரலிலே, செக்கோயா என்னும் பெருமரங்கள் வானளாவி நிற்கின்றன. கனவளவால் உலகிலே மிகப் பெரியதாகிய ஷேர்மன் மரமும் இங்கேயே உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 275 அடி. இம்மரங்கள் கோடரிக்கு இரையாகாதிருக்கும் பொருட்டு 1890ஆம் ஆண்டில் அக்காடு தேசிய வனமாக்கப்பட்டது. அவ்வனத்தின் வரலாற்றிலே மறக்கலாகாத பெயர் சாள்ஸ் யங் என்பதாகும்.

1864ஆம் ஆண்டு, கென்டக்கி மாநிலத்திலே, அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு மகனாய்ப் பிறந்தவர் யங். மறு ஆண்டில் அவர் தந்தை தப்பிச்சென்று, உள்நாட்டுப் போரிலே வடபுலப் படையிற் சேர்ந்தார். மைந்தனும் படைத்தொழிலையே நாடினார். வெஸ்ட் பொயின்ற் படைக்கல்லூரியிலே உடன்பயின்றோர் பலர் அவரை ஒதுக்கி வைத்தனர். அத்தனிமையைத் தாங்கிக் கற்ற அவர் 1889இலே தேறினார். அங்கே தேறிய கறுப்பினத்தவருள் அவர் மூன்றாமவர்.

தேசிய வனங்களுக்கெனத் தனித் திணைக்களம் 1916ஆம் ஆண்டிலேயே அமைந்தது. அதற்கு முன்னர், களவாக வேட்டையாடுவோரையும் மரந்தறிப்போரையும் தடுக்கும் பொறுப்பு, கோடைதோறும் குதிரைப்படையினரைச் சார்ந்திருந்தது. 1903இலே கப்டன் யங், செக்கோயா வனத்தின் பதில் அத்தியட்சகரானார். தேசிய வனமொன்றின் தலைமையை ஏற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே.

பெருமரங்கள் நின்ற இடத்துக்கு அக்காலத்தில் வண்டிப்பாதை இல்லை. 1900இலே தொடங்கிய பாதைவேலை ஆமைவேகத்தில் நகர்ந்தது. முந்திய மூன்று ஆண்டுகளிலும் வெட்டப்பட்டதைவிடக் கூடிய தூரத்தை அந்த ஒரே கோடையில் யங்கின் ஆட்கள் வெட்டி முடித்தனர். ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் வண்டியேறிப் பெருமரங்களைக் காணச் சென்றனர். வனத்தினுள்ளே தனியாருக்கு உரிமையாயிருந்த காணிகளை அரசாங்கம் வாங்கவேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார்.

மகிழ்ந்த அவ்வூரார் ஒரு மரத்துக்கு அவர் பெயரைச் சூட்ட விழைந்தனர். யங் இசைந்திலர். கறுப்பினத்தவரின் கல்விக்கு உழைத்த புக்கர் வாஷிங்டனின் பெயரைச் சூட்டுமாறு கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழிந்தும் தம்மைப்பற்றிய எண்ணம் மாறாதிருப்பின் அப்பொழுது சூட்டலாம் என்றார்.

விருதை வேண்டாத அவர் கடமையை வேண்டி நின்றார். 1917இலே, முதல் உலகப் போருக்கு அமெரிக்கா ஆயத்தமாகையில், இரத்த அழுத்தத்தைக் காரணங்காட்டி அவருக்கு ஓய்வளித்தனர். கறுப்பின அதிகாரியின்கீழ்ப் பணியாற்ற வெள்ளையர் சிலர் விரும்பாமையும் அதன் பின்னணியில் இருந்தது. 1918இலே, ஐம்பத்துநான்கு வயதான யங், தம் உடல்வலிமையை மெய்ப்பிக்க ஓகையோ மாநிலத்திலிருந்து வாஷிங்டன் நகர்வரை ஏறத்தாழ 500 மைல் குதிரையிற் சென்றார். நவம்பர் 6ஆம் நாளே மீண்டும் சேவைக்கு அழைக்கப்பட்டார். ஐந்து நாளிற் போர் ஓய்ந்தது. பின்னர் மேற்கு ஆபிரிக்காவிலே பணிபுரிகையில், 1922 ஜனவரியில், லாகோஸ் நகரிற் காலமானார்.

2004ஆம் ஆண்டில் செக்கோயா மரமொன்று அவர் பெயரைப் பெற்றது. உயிரோடிருக்கையில் எட்டாத பிரிகேடியர் ஜெனரல் பதவி 2022இலே, அவர் இறந்து நூறாண்டு நிறைந்தபின், வழங்கப்பட்டது. இருபது ஆண்டு பொறுக்கச் சொன்னவரை நாடு நூறாண்டு காக்கவைத்தது. தாம் காத்த மரங்களைப்போலவே அவர் புகழும் மெல்ல வளர்ந்து நிலைபெற்றது.