கையளித்தல்: இராயப்பர் ஊரிலிருந்து சில வரலாற்றுக் குறிப்புகள்

சில ஆண்டுகளுக்கு முன், திருக்குறளின் 'அவா அறுத்தல்' அதிகாரத்தை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் கிறித்தவ மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, எங்கள் வீட்டுக்கு முன்னால் இருந்த தெரு கடலுக்குள் போய்விட்டது. அது ஆண்டவர் சித்தம், ஏற்றுக்கொள் என்கிறார் பாட்டி. ஆசையை விடுவதும் அதுவும் ஒன்றுதானா?" உடனே விடை சொல்ல இயலவில்லை. அக்கேள்வியின் பின்னே சென்று கண்டவற்றை இங்கே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் சொற்கள். இறைவன் விருப்பத்தைச் சீர்திருத்தச் சபையார் 'சித்தம்' என்பர். கத்தோலிக்கர் 'திருவுளம்' என்பர். இரண்டும் கிறித்தவம் வருவதற்கு முன்பே தமிழ்ப் பத்தி மரபில் புழங்கியவை. தன்னுளத்தைத் திருவுளத்திடம் ஒப்படைப்பது என்ற எண்ணம் வந்தபோது, அதை வாங்கி வைக்கத் தமிழில் இடம் இருந்தது. தென்னெல்வேலி கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பன்யனின் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வெளிவந்தது. அதில் பேசும் அடைக்கலத்துக்கு வைணவச் சரணாகதியின் சாயல் உண்டு என்பதைப் படிப்போர் எளிதில் உணர்வர்.

இனி ஊர். பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழர் இராயப்பர் என்றும், பவுலைச் சின்னப்பர் என்றும் அழைத்தனர். இராயபுரம் என்ற பெயர் இராயப்பரால் வந்தது என்பது வழக்கு. அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் 1829இல் படகோட்டிகள் எழுப்பியது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் அலைமோதும் எல்லைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்துச் செய்தவை அவை. ஆணியடித்த விறைப்பான படகு அலையின் அறையில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பும். ஆயினும் அதைச் செலுத்தியவர்கள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்திருக்கவில்லை. அலையின் போக்குக்கு இசைந்தபடியே கரைநோக்கித் துடுப்பு வலித்தனர்.

அம்மக்கள் மீனவராகிய இராயப்பரைத் தம் காவலராகக் கொண்டது இயல்பே. அவருடைய வரலாறே தன்விருப்பத்தோடு போராடிய ஒருவரின் வரலாறு. குரு பாடுபடப் போகிறார் என்றதும் அது கூடாது என்று தடுத்தவர் அவர். கெத்செமனித் தோட்டத்தில் வாளை உருவியவரும் அவரே. முதுமையில் வேறொருவர் அவருக்குக் கச்சை கட்டி, அவர் விரும்பாத இடத்துக்குக் கொண்டுபோவார் என்று இயேசு சொன்னதாக யோவான் எழுதுகிறார். அதே தோட்டத்தில் இயேசு வேண்டியதையும் உடன்வைத்துக் காண வேண்டும். துன்பக் கிண்ணம் தம்மை விட்டு அகலட்டும் என்று தம் விருப்பத்தை அவர் முதலில் வெளிப்படையாகச் சொல்கிறார். அதன்பின்பே அதைத் தந்தையிடம் ஒப்படைக்கிறார். விருப்பமே இல்லாதவனிடம் ஒப்படைக்க என்ன இருக்கிறது?

இந்த வேறுபாட்டைத் திருவொற்றியூர் இன்னும் தெளிவாக்குகிறது. பெரியபுராணத்தில் சுந்தரர் சங்கிலியாரை மணக்க விரும்பி இறைவனைத் தூதாக்குகிறார். பிரியேன் என்று சூளுறவு செய்ய வேண்டியபோது, இறைவன் சந்நிதியை விட்டு மகிழமரத்தடியில் இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறார். இறைவனோ, மகிழடியிலேயே சூள் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறான். பின்னர்ச் சூளை மீறி ஆரூர் நோக்கிப் புறப்பட்ட சுந்தரர், ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் பார்வை இழக்கிறார். திருவுளத்தைத் தன்னுளத்துக்கு ஏற்ப நகர்த்த முயன்ற அன்பரின் கதை இது. அதே ஊர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அவர் வழி கைவிடுதல். உலகப் பற்றை உதறிச் செல்லுதல். கிறித்தவம் பேசுவதைக் கையளித்தல் எனலாம். கைவிட்ட பொருள் தரையில் கிடக்கும். கையளித்த பொருளை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்துவார்.

கையளித்த வாழ்வு எப்படியிருக்கும் என்பதற்கு இராயபுரத்திலேயே சான்று உண்டு. ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் மெடில்டா மக்பெயில் 1888இல் சென்னை வந்தார். பெண்கள் மருத்துவராவதே அரிதாயிருந்த காலம் அது. ஊரில் தொழில் நடத்திப் பெயரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். அவர் இராயபுரத்தில் தங்கி, ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவர் தொடங்கிய பணி வளர்ந்து, 1914இல் கிறிஸ்டினா ரெயினியின் பெயர் தாங்கிய மருத்துவமனையாயிற்று. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் இப்பணியில் இருந்தார். பிரசவத்தில் சாகும் தாய்மாரைக் கண்டு, 'எல்லாம் இறைவன் சித்தம்' என்று ஆறுதல் மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பவில்லை. தம் விருப்பத்தைத்தான் விட்டுக்கொடுத்தார். பிறர் உயிரை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது மாணவியின் தெருவுக்கு வருவோம். 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 நவம்பர்ப் புயல் அதன் சுவர்களைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். அதன்பின் மசூலாப் படகுகளின் தொழில் மெல்ல மறைந்தது. இன்னொன்றும் நிகழ்ந்தது. இக்கரையில் ஆண்டுதோறும் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. மெரினாவில் நாம் காலாற நடக்கும் மணலுக்கும் வடக்கே மறைந்த தெருக்களுக்கும் காரணம் ஒன்றே. கடலுக்கும் குப்பத்துக்கும் இடையே இன்று கிடக்கும் கருங்கற்கள் அதன் சாட்சி.

2017 சனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியபோது, வாளிகளால் அதை அள்ளியவர்களைப் பார்த்தோம். 2023 திசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர் படகும் வலையும் கறுத்தன. இவற்றில் மனிதர் செய்ததும் செய்யத் தவறியதும் உண்டு. இவற்றையும் இறைசித்தம் என்று சொல்லிவிட்டால், பொறுப்பேற்க வேண்டியவர் தப்பித்துக்கொள்வார். பழி இறைவன் மீது விழும். பத்தியுள்ளோரே இதை ஒப்பலாகாது.

என் விருப்பத்தை இறைவனிடம் ஒப்படைக்க எனக்கு உரிமை உண்டு. அடுத்தவன் வீட்டையும் வலையையும் அவன் சார்பில் ஒப்படைக்க எனக்கு உரிமையில்லை. இதையே பல வாரங்களுக்குப் பின் அம்மாணவியிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "பாட்டி தன் வீட்டைத்தானே ஐயா ஒப்படைத்தார்?" என்றாள்.

ஆம், அதுவும் உண்மை. அந்த மூதாட்டியின் ஒப்படைப்பு அவருக்கு உறங்கும் வலிமையைத் தந்திருக்கும். அதை இகழ நான் யார்? ஆனால் அதைக் காட்டி நாம் உறங்கிவிடக் கூடாது. சூன் 29 இராயப்பர் திருநாள். அன்று அவ்வாலயத்துக்குச் செல்லும் நண்பர்கள் அப்படியே வடக்கே நடந்து அந்தக் கருங்கற்களையும் ஒருமுறை பார்த்துவர வேண்டுகிறேன்.