புற்றுக்குள் ஓர் உழவு

எங்கள் செவிலிமேட்டில் புற்றைக் கண்டால் பால் வார்த்து வணங்குவர். அதனுள் ஓர் உழவுத்தொழில் நடப்பதை அறிவீரோ? கறையான், மென்று சேர்த்த மரத்துகளில் பூஞ்சையை வளர்த்து உண்கிறது. மழைக்குப்பின் அப்பூஞ்சையே புற்றுக்காளானாகக் குடை விரிக்கிறது.

தரங்கம்பாடிக்கு வந்த மருத்துவர் கோனிக், புற்றினுள் காளான் இருப்பதை 1779இல் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் 1942இல் இப்பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் எனப் பெயரிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன், 1979இல் தென்னாட்டு வகையொன்றைத் தனியினமென நிறுவி, அதற்கு ஹைமின் பெயரையே சூட்டினார்.

அடையாளம் யாது? காம்பு வேர்போல் நீண்டு, நிலத்தடியிலுள்ள கறையான் கூட்டைத் தொடும். வைக்கோற் காளானைப்போல் இதனைத் தோட்டத்தில் விளைவிக்க இயலுவதில்லை. புற்றை இடித்தால் உழவனும் பயிரும் ஒருங்கே அழியும். ஆதலின், காளானைக் காக்க விழைவோர் முதலில் புற்றைக் காத்தல் வேண்டும்.