ஸ்டாப்வாட்ச் யார் கையில்? கேரள மகளிர் தடகளமும் பயிற்றுநர் பதவியும்

தமிழில் ‘பயிற்றுநர்’ என்னும் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் அந்தப் பதவியின் வரலாறு பொதுவானதன்று. ஓடி முடித்த பெண், அடுத்த தலைமுறைப் பெண்களுக்கு ஓடக் கற்பிக்கும் இடத்திற்கு எப்போது வந்தாள், ஏன் தாமதமாக வந்தாள் என்பதே இப்பதிவின் கேள்வி.

இக்கேள்வியை விரிவாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்விப் பேராசிரியை கிளாடிஸ் பாமர், 1941இல் கல்லூரிப் பெண்களுக்கான முதல் தேசிய கோல்ஃப் போட்டியை நடத்தினார். அக்காலத்தில் பெண்கள் அணிகளைப் பெண் ஆசிரியர்களே பெரும்பாலும் கவனித்தனர். தனி ஊதியம் அரிது. 1972இல் கல்வியில் பால் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்தபோது, கல்லூரி மகளிர் அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றின் பயிற்றுநர்கள் பெண்கள். சட்டத்தின் பயனாக அணிகள் பெருகின, ஊதியமும் உயர்ந்தது. 2014இல் பெண் பயிற்றுநர்களின் பங்கு ஏறத்தாழ 43 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. பதவிக்கு மதிப்பு வந்ததும் ஆண்கள் வந்தனர்.

கேரளத்தின் கதை வேறு. இங்கே பெண்கள் இழப்பதற்கு அந்தப் பதவி முதலில் அவர்கள் கையில் இருக்கவில்லை.

நான் வசிக்கும் ஸ்ரீவராகம் திருவனந்தபுரத்தின் பழைய கோட்டைப் பகுதியை ஒட்டியது. கேரள விளையாட்டு நிர்வாகத்தின் தொடக்கமும் இந்நகரத்திலேயே. திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்த பூஞ்ஞாறு கோதவர்ம ராஜா (1908–1971), விளையாட்டுக் கவுன்சிலின் முதல் தலைவர். விமானப்படையில் தடகள வீரராக விளங்கிப் பாட்டியாலாவில் பயிற்சி பெற்ற ஓ. எம். நம்பியாரைக் கேரளத்துக்கு அழைத்தவர் அவரே. ராணுவம், பாட்டியாலா, கவுன்சில் என்று சென்ற இந்தப் பாதையின் முதற்படியிலேயே பெண்களுக்கு அன்று இடமில்லை.

1976இல் கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவு தொடங்கியது. அங்கே நம்பியார் கண்டெடுத்த மாணவி பி. டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வினாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். 1985இல் துரோணாச்சார்யா விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது பெற்றவர்களுள் நம்பியாரும் ஒருவர். கல்லூரிகளிலும் இதே அமைப்பைக் காணலாம். பாலக்காடு மெர்சி கல்லூரி மாணவி எம். டி. வல்சம்மா 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றார், பயிற்றுவித்தவர் ஏ. கே. குட்டி. கன்னியாஸ்திரீகள் நடத்திய மகளிர் கல்லூரி, ஓடுபவள் பெண், ஸ்டாப்வாட்ச் மட்டும் ஆண் கையில்.

இந்த ஆண்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. ஓடி முடித்த பெண்கள் எங்கே போனார்கள் என்பதே கேள்வி. விடை பணிப்பதிவேடுகளில் உள்ளது. உஷாவும் வல்சம்மாவும் தென்னக ரயில்வேயில். ஷைனி வில்சன் இந்திய உணவுக் கழகத்தில். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை எளிய குடும்பத்துப் பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பு. அதனால்தான் பெற்றோர் மகளை மைதானத்துக்கு அனுப்பினர். ஆனால் அதே வேலை, ஓட்டம் நின்றதும் அவளை மேசைக்கு அழைத்துச் சென்றது. பதினைந்து ஆண்டுகளாக உடலில் சேர்ந்த அறிவு, கோப்புகளுக்கு இடையே தங்கிவிட்டது. மகளிர் விளையாட்டை வளர்த்த ஏற்பாடே மகளிர் பயிற்றுநர் மரபு உருவாவதைத் தாமதப்படுத்தியது என்பது என் கருத்து.

விதிவிலக்குகள் இதை உறுதிப்படுத்துகின்றன. உஷா 2002இல் கொயிலாண்டியில் தம் பெயரில் தடகளப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மாணவி டின்டு லூக்கா 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடி, ஷைனியின் 1995ஆம் ஆண்டுத் தேசியச் சாதனையை முறியடித்தார். ஒரு பெண்ணின் சாதனையை, மற்றொரு பெண் பயிற்றுவித்த பெண் முறியடித்த தருணம் அது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனின் பாதை இன்னும் கரடுமுரடானது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் வென்ற வெள்ளி பறிக்கப்பட்டது. பின்னர் செங்கல் சூளையில் கூலி வேலை. அதன்பின் பயிற்றுநர் பட்டயம். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பணி. உஷாவுக்குப் புகழ் துணை நின்றது. சாந்திக்குப் பிடிவாதமே துணை. இடைப்பட்ட ஆயிரக்கணக்கான பல்கலைக்கழக அளவு வீராங்கனைகளுக்கு இரண்டும் போதா. அவர்களுக்குத் தேவை ஒரு பாதை.

விளிச்சொல்லும் இதற்குச் சான்று. கேரளப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர் ‘சார்’, பெண் ஆசிரியர் ‘டீச்சர்’. பாலின வேறுபாடின்றி அனைவரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்க வேண்டும் என்று 2023இல் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம் அறிவுறுத்தியது. வகுப்பறையில் விவாதமாவது எழுந்தது. மைதானத்தில் ‘சார்’ என்ற விளி ஓங்கி ஒலிக்கிறது.

காரியவட்டத்தில் 1985 முதல் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி இயங்குகிறது. பட்டம் பெறும் பெண்களுக்கு இன்று குறைவில்லை. பதவி யாருக்குச் செல்கிறது என்பதைத்தான் எண்ண வேண்டும். மகளிர் கல்லூரிகளின் பழைய ஆண்டு மலர்களில் அணிப் புகைப்படங்கள் இருக்கும். வரிசையின் ஓரத்தில் ஓர் உடற்கல்வி ஆசிரியை நிற்பார். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இராது. ஆய்வு மாணவர்கள் அந்தப் பெயர்களிலிருந்து தொடங்கலாம். பலர் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். வாய்மொழி வரலாறு காத்திருக்காது.