ஓரியன்டியரிங்: தொடக்கநிலை

ஓரியன்டியரிங் என்பது வரைபடத்தையும் திசைகாட்டியையும் மட்டுமே துணையாகக் கொண்டு, காட்டிலோ நகரிலோ குறித்துவைத்த இடங்களை வரிசை பிசகாமல் கண்டடைந்து, விரைவாக முடிக்கும் விளையாட்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது சுவீடன், நார்வே படைகளின் பயிற்சியாக இருந்தது. பொதுமக்களுக்கான முதல் போட்டி 1897 அக்டோபர் 31 அன்று நார்வேயில் நடந்தது. பன்னாட்டுக் கூட்டமைப்பு 1961இல் உருவானது. முதல் உலகப் போட்டி 1966இல் பின்லாந்தில் நடைபெற்றது.

ஓட்டத்தில் கெட்டிக்காரர் தவறான வழியிலும் வேகமாகவே போவார். ஆகவே புதிதாக வருபவருக்குக் கால் வேகத்தைவிட வரைபடம் படிக்கும் பழக்கமே முக்கியம். இந்த வரைபடத்தின் நிறங்கள் முதலில் குழப்பும். வெள்ளை என்றால் வெட்டவெளி அல்ல, தடையின்றி ஓடக்கூடிய காடு, வெட்டவெளிக்கு மஞ்சள். பச்சை அடர அடரப் புதர் நெருக்கம் கூடும். பழுப்புக் கோடுகள் நெருங்கி வந்தால் சரிவு செங்குத்து. தொடக்கம் முக்கோணம், முடிவு இரட்டை வட்டம்; இடையிலுள்ள ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடி இருக்கும். அதுவே கன்ட்ரோல். பக்கத்து வட்டாரத்தில் வேறு தடத்துக்கான கொடியும் தொங்கலாம் என்பதால், கையிலுள்ள விவரப்பட்டியலின் எண்ணோடு கொடியின் எண்ணை ஒப்பிட்ட பிறகே பதிவு செய்ய வேண்டும். இன்று பெரும்பாலும் விரலில் மாட்டிய மின்னணுச் சில்லு அந்தப் பதிவைச் செய்கிறது.

திரும்பும் இடமெல்லாம் வரைபடத்தையும் திருப்ப வேண்டும்: அதன் வடக்குக் கோடுகள் ஊசிக்கு இணையாக நின்றால், எதிரே தெரிவது தாளிலும் மேல்பக்கம் இருக்கும். கோடுகள் காந்த வடக்கையே காட்டுவதால் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டியதில்லை. கட்டைவிரலை நிற்குமிடத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே போவது பழைய ஆட்டக்காரர்களும் விடாத வழக்கம். தொடக்கத் தடங்கள் பாதை, வேலி, ஓடை ஆகியவற்றை ஒட்டியே செல்லும். கன்ட்ரோலுக்கு அப்பால் குறுக்கே ஓடும் ஓடையையும் முன்பே பார்த்துவைப்பது நல்லது. அது காலில் பட்டால் தாண்டி வந்துவிட்டோம் என்று பொருள்.

வழி தப்பினால் உடனே நின்றுவிட வேண்டும். ஊகித்து ஓடுவது இன்னும் தூரமாக இழுத்துச் செல்லும். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி தொடங்கலாம். பாதியில் விலகுபவரும் முடிவிடத்தில் பெயரைப் பதிந்தாக வேண்டும். இல்லையெனில் அமைப்பாளர்கள் காட்டில் அவரைத் தேடப் புறப்படுவார்கள்.