கமக்காரனின் அடக்கவிலை

நமது பாடசாலைகளில் இலாப நட்டக் கணக்குச் செய்யாத மாணவன் இல்லை. வியாபாரி ஒருவன் ஒரு பொருளை 100 ரூபாவுக்கு வாங்கி 120 ரூபாவுக்கு விற்றால் இலாப வீதம் யாது என்று கேட்பதே அக்கணக்கின் பொதுவடிவம். அந்த வியாபாரிக்குக் கொள்விலை முன்னரே தெரியும். அதனை எழுதிய துண்டு அவன் கையில் இருக்கிறது. ஆனால் உடுப்பிட்டியிலோ கரவெட்டியிலோ கிணற்றடித் தோட்டத்தில் வெங்காயம் நடுபவனுக்கு அத்தகைய துண்டை எவரும் எழுதிக் கொடுப்பதில்லை. அவனது விளைபொருளின் அடக்கவிலை நிலத்திலும் நீரிலும் வியர்வையிலும் சிதறிக் கிடக்கிறது. சிதறியதைத் திரட்டிப் பார்த்தாலன்றி, அவன் இலாபத்துக்கு விற்றானா நட்டத்துக்கு விற்றானா என்பதை அவனே அறியான். அறியாதவனிடம் வாங்குவது, அறிந்தவனுக்கு எப்போதும் எளிது.

ஒரு பொருளை ஆக்குவதற்கு ஆகும் செலவுகளை இனம்பிரித்துத் திரட்டி, அதனைக் கொண்டு விலையையும் ஆக்கும் அளவையும் முடிவு செய்யும் முறையைக் கிரயக் கணக்கு என்பர். இங்கிலாந்தின் கைத்தொழிற் புரட்சியோடு வளர்ந்த கலை அது. 1772ஆம் ஆண்டில் ஐரோப்பாவைக் கடன் நெருக்கடி உலுக்கியபோது, மட்பாண்டத் தொழிலதிபரான ஜோசையா வெட்ஜ்வூட் தம் பண்டம் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை அலசத் தொடங்கினார். சில செலவுகள் ஆக்கும் அளவோடு ஏறி இறங்குகின்றன. வேறு சில, பத்துப் பண்டம் செய்தாலும் ஆயிரம் செய்தாலும் மாறாது நிற்கின்றன. ஆதலின் அதிகம் செய்யச் செய்ய, மாறாச் செலவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் விழும் பங்கு குறைகிறது. இதைக் கண்டுகொண்டபின் எப்பண்டத்துக்கு விலையைக் குறைத்து விற்பனையைப் பெருக்கலாம் என்பதை அவரால் தீர்மானிக்க முடிந்தது.

தொழிலாளியின் கூலியும் நேரமும் அந்தக் கணக்கேட்டில் நுணுக்கமாகப் பதியப்பட்டன. அவன்மீது கொண்ட அன்பினால் அன்று. அவனிடமிருந்து எவ்வளவு பெறலாம் என்பதை அறிவதற்காக. ஒரு பண்டம் முதலாளிக்கு எவ்வளவு செலவில் முடிகிறது என்பதும், அது உண்மையில் எவ்வளவு மனித உழைப்பை உட்கொண்டது என்பதும் வேறுவேறு அளவைகள் என மூலதனம் மூன்றாம் பாகத்தில் கார்ல் மார்க்ஸ் பிரித்துக் காட்டினார். ஆலைத் தொழிலாளியின் உழைப்பு, குறைத்துக் கொடுப்பதற்காக எண்ணப்பட்டது. நமது சிறு கமக்காரனின் உழைப்போ எண்ணப்படவேயில்லை. யாழ்ப்பாணத் தோட்டச் செய்கையின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு நோக்குதல் பயனுடையது.

ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை கடல்கடந்து சென்றது. திருவிதாங்கூர் அதன் பெருஞ்சந்தையாக விளங்கியது. மலையாள நாட்டில் விற்கும் விலையை அந்நாட்டு அரசின் தீர்வையும் கப்பற் கூலியும் வியாபாரியின் பங்கும் வகுத்தன. இவையெல்லாம் போக எஞ்சியதே செய்கையாளனிடம் வந்தது. அதாவது, விலை என்பது அவனது செலவிலிருந்து மேல்நோக்கி எழவில்லை. சந்தையிலிருந்து ஒவ்வொரு கையாகக் கழிக்கப்பட்டுக் கீழிறங்கி வந்தது. தீர்வை உயர்ந்தாலும் கப்பற் கூலி உயர்ந்தாலும் குறைவது அந்த எச்சமே. மற்றையோரின் பங்குகள் எழுத்தில் இருந்தன. அவனது பங்கு எழுத்தில் இல்லை.

அப்பங்கினுள் அடங்கியிருந்த உழைப்பு எத்தகையது? நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவுவதற்கு முன் தோட்டத்துக்கு நீர் துலாவினால் இறைக்கப்பட்டது. ஒருவரோ இருவரோ துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர்; ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றுவார்; இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியுமுன் தொடங்கும் இவ்வேலைக்கு வீட்டுப் பிள்ளைகளும் எழுப்பப்பட்டனர். களை பிடுங்குதல், விதை வெங்காயம் உடைத்தல், கட்டுதல் ஆகியவை பெரும்பாலும் பெண்களின் கைகளால் நடந்தன. இவற்றில் எதற்கும் காசு கைமாறவில்லை. காசு கைமாறாததால் செலவென்றே எவரும் கருதவில்லை.

கூலிக்கு அமர்த்தப்பட்ட உழைப்பின் கதை வேறு. சாதியமைப்பின் கீழ் ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பு, குடிமை என்ற பெயரால், சந்தைக் கூலிக்குக் கீழான விலையில், சில வேளைகளில் தானியமாக மட்டும் பெறப்பட்டது. பெண்ணின் நாட்கூலி ஆணின் நாட்கூலியிலும் குறைவாகவே வைக்கப்பட்டது. ஆகவே யாழ்ப்பாணத்து விளைபொருள் மலிவாகச் சந்தைக்குப் போயிற்றென்றால், அம்மலிவின் ஒரு பகுதியைக் குடும்பத்தின் கணக்கிடா உழைப்பும், மற்றொரு பகுதியை ஒடுக்கப்பட்டோரின் குறைகூலியும் தாங்கின. நில உடைமையாளன் தன் இலாபத்தைத் தன் சிக்கனத்தின் பலன் எனக் கூறிக்கொள்ளும்போது இதனை நாம் மறந்துவிடலாகாது.

எழுதப்பட்ட கணக்கின் வலிமையை யாழ்ப்பாணத்துக்கு முதலிற் பரவலாக உணர்த்தியது கூட்டுறவு இயக்கம். 1930களில் மலையாளப் புகையிலை விற்பனைக்கென எழுந்த கூட்டுறவுச் சங்கம், தனித்தனியே வியாபாரியின் வாசலில் நின்ற செய்கையாளரை ஒன்றுசேர்த்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராயிருந்த வீ. வீரசிங்கம் போன்றோர் அவ்வியக்கத்துக்கு உழைத்தனர். ஆசிரியர் ஒருவர் பாடசாலைக்கு வெளியேயும் கணக்குக் கற்பிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. சங்கத்தின் ஏட்டில் அனுப்பிய நிறையும் விற்ற விலையும் கழிக்கப்பட்ட செலவும் அங்கத்தவன் கேட்டறியக்கூடியனவாயின. ஆயினும் அந்த ஏடு தோட்டத்தின் வேலியைத் தாண்டி உள்ளே செல்லவில்லை. விற்பனையின் செலவைப் பதிந்தது. விளைவித்தலின் செலவைப் பதியவில்லை.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டங்கள் செழித்தன. மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டியவர்களைப் பற்றி இன்றும் முதியோர் பேசுவர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் இறக்குமதிப் பண்டங்கள் வந்து குவிந்தன, விலை வீழ்ந்தது. இவ்வேழாண்டு வளத்தின் படிப்பினை யாது? விலை உயர்ந்தபோது, தன் திறமையே வென்றதெனக் கமக்காரன் எண்ணினான். விலை வீழ்ந்தபோது, தன் விதியே கெட்டதென எண்ணினான். இரண்டுக்கும் காரணம் அரசின் கொள்கை. எவ்விலைக்குக் கீழே இறங்கினால் தோட்டம் தாங்காது என்பதை ஊர்தோறும் திரட்டிய கணக்கு கையில் இருந்திருக்குமாயின், அக்கொள்கை மாறியபோது எதிர்க்குரல் புலம்பலாக நில்லாது வாதமாகவே எழுந்திருக்கும்.

இனி, விளக்கத்துக்காக ஒரு கணக்கை அமைத்துப் பார்ப்போம். எண்கள் நாம் வைத்துக்கொண்டவை, முறையே முக்கியம். நான்கு பரப்பு நிலத்தில் 1,200 கிலோ வெங்காயம் விளைகிறது. விதை வெங்காயம், பசளை, மருந்து, மண்ணெண்ணெய், பிறருக்குக் கொடுத்த கூலி ஆகிய கைக்காசுச் செலவு 1,20,000 ரூபா. குடும்பத்தார் உழைத்த நாட்கள் 60. நாளொன்றுக்கு 1,500 ரூபாவாக 90,000 ரூபா. நிலத்தின் குத்தகைப் பெறுமதியும் இயந்திரத்தின் தேய்வும் 30,000 ரூபா. மொத்தம் 2,40,000 ரூபா. ஆகவே ஒரு கிலோவின் அடக்கவிலை, கைக்காசை மட்டும் பார்த்தால் 100 ரூபா; முழுவதையும் பார்த்தால் 200 ரூபா.

சந்தையில் கிலோ 150 ரூபாவுக்குப் போகிறது என்போம். வரவு 1,80,000 ரூபா. கைக்காசுக் கணக்குப்படி 60,000 ரூபா இலாபம். முழுக் கணக்குப்படி 60,000 ரூபா நட்டம். ஒரே விளைவு, ஒரே விலை. பதிந்த முறை ஒன்றே வேறு. இலாபமெனத் தோன்றிய 60,000 ரூபாவில் குத்தகையும் தேய்வும் 30,000 ரூபா போக, எஞ்சிய 30,000 ரூபாவே அறுபது நாள் உழைப்பின் ஊதியம். நாளொன்றுக்கு 500 ரூபா. அயல் தோட்டத்துக்குக் கூலியாகப் போயிருந்தால் 1,500 ரூபா பெற்றிருப்பான்.

இத்துடன் முடியவில்லை. யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் 'கழிவு' எனக் கழித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்துள்ளது. அதனை ஒழிக்கும்படி கமக்காரர் பலமுறை குரலெழுப்பியுள்ளனர். பத்து வீதம்தானே என்று சொல்வோர் உண்டு. நமது கணக்கில் அது 120 கிலோ, 18,000 ரூபா. 30,000 ரூபாவாக இருந்த குடும்ப ஊதியம் 12,000 ரூபாவாகிறது. நாட்கூலி 500 ரூபாவிலிருந்து 200 ரூபாவாக வீழ்கிறது. விளைவில் பத்தில் ஒன்றாகத் தோன்றும் கழிவு, உழைப்பின் ஊதியத்தில் ஐந்தில் மூன்று பங்கை விழுங்கிவிட்டது. கணக்கில்லாதவன் கண்ணுக்கு இது ஒரு வழக்கம். கணக்குள்ளவன் கண்ணுக்கு இது ஒரு சுரண்டல்.

விலை 60 ரூபாவாக வீழ்ந்தால் என்செய்வது? கிண்டி எடுக்கவும் சந்தைக்குக் கொண்டுபோகவும் இன்னும் 20,000 ரூபாவே தேவையென்றால், 72,000 ரூபா வரவைக் கைவிடுதல் பேதைமை. முன்னர் செலவிட்டது எவ்வாறாயினும் திரும்பாது. எனவே அவன் விற்கத்தான் வேண்டும். கமக்காரனின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. விளைந்த பொருளை எந்த விலைக்கும் அவன் விற்பான் என்பது வாங்குபவனுக்குத் தெரியும். வெங்காயத்தைக் காயவைத்துக் கட்டித் தொங்கவிட்டுச் சில காலம் காக்கலாம். ஆனால் விதைக்கும் பசளைக்குமாக நகையை அடைவு வைத்தவனுக்குக் காத்திருக்கப் பொழுதில்லை. ஆகவே கணக்கு மட்டும் விலையைத் தந்துவிடாது. களஞ்சியமும் குறைவட்டிக் கடனும் கூட்டாக விற்கும் அமைப்பும் சேர்ந்தால்தான் கணக்குக்குப் பல் முளைக்கும். எனினும் அடுத்த போகத்தில் எதனை எத்தனை பரப்பில் நடுவது என்ற முடிவுக்கேனும் அக்கணக்கு உதவும்.

நட்டத்திலும் சிறு தோட்டம் ஏன் மூடப்படுவதில்லை என்ற வினாவுக்கு ருசியப் பொருளியலாளர் அலெக்சாந்தர் சயானொவ் 1925இல் வெளியிட்ட நூலில் விடை தேடினார். விவசாயக் குடும்பம் தனக்குத்தானே கூலி கொடுப்பதில்லை. குடும்பத்தின் தேவை தீரும்வரை உழைப்பைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஆலை மூடப்படும் விலையிலும் தோட்டம் இயங்குகிறது. அவரது கருத்துகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. குடும்ப உழைப்பைப் பேசியவர், கமக்காரருக்குள் உள்ள வர்க்க வேறுபாட்டைப் போதிய அளவு கருதவில்லை என்ற கண்டனம் நியாயமானதே. ஆயினும் அவர் சுட்டிய உண்மை உடுப்பிட்டிக்கும் பொருந்தும்: தன்னைத்தானே கூடுதலாகச் சுரண்டிக்கொள்ளும் குடும்பமே சந்தையின் மலிவு விலையைத் தாங்கி நிற்கிறது.

அண்டை நாட்டில் இவ்வினா தெருவுக்கே வந்துவிட்டது. இந்தியாவில் 1965இல் விவசாய விலை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. கைக்காசுச் செலவை 'ஏ2' என்றும், நிலத்தின் வாடகையும் சொந்த மூலதனத்தின் வட்டியும் குடும்ப உழைப்பும் சேர்ந்த முழுச் செலவை 'சி2' என்றும் அங்கே குறிப்பர். எம். எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணைக்குழு, செலவோடு ஐம்பது வீதமேனும் கூட்டி ஆதரவு விலை வழங்கவேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2018இல் அரசு அதனை ஏற்றதாக அறிவித்தது. ஆனால் கைக்காசுச் செலவோடு குடும்ப உழைப்பை மட்டும் சேர்த்த கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. விவசாயிகளோ 'சி2' வேண்டும் என்றனர். ஓர் எழுத்துக்கும் ஓர் எண்ணுக்கும் இடையே கோடிக்கணக்கான குடும்பங்களின் வாழ்வு தொங்குகிறது.

இலங்கை விவசாயத் திணைக்களமும் பயிர்ச்செய்கைச் செலவு பற்றிய அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. சொந்த உழைப்பு முதலியவற்றுக்கு மதிப்பிட்ட செலவை உட்படுத்திய இலாபம், உட்படுத்தாத இலாபம் என இரு கணக்குகள் அவற்றிற் காணப்படும். முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதை மட்டும் மேடையில் எடுத்துக்காட்டுவோர், கமக்காரன் செழிப்பாக இருக்கிறான் என்று நிரூபித்துவிடலாம்.

அண்மை ஆண்டுகள் இதன் அவசரத்தை உணர்த்தின. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அதற்குள் ஒரு போகம் பாழாயிற்று. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. கிணற்று நீரை இயந்திரத்தால் இறைக்கும் நமது தோட்டங்களுக்கு இது எத்தகைய அடி என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஒரு பரப்புக்கு ஒரு போகத்தில் எத்தனை லீற்றர் செல்கிறது என எழுதிவைத்தவனால், தன் வெங்காயத்தின் அடக்கவிலை எவ்வளவு ஏறியது என்பதை அன்று மாலையே கூறமுடியும். எழுதிவையாதவன், எல்லாம் விலையேறிவிட்டது என்று பெருமூச்சு விடுவதோடு நிற்பான்.

ஆசிரியரும் மாணவரும் இப்பணியில் வெறும் பார்வையாளராக இருத்தல் தகாது. கொள்விலை தந்த வியாபாரிக் கணக்கோடு, கொள்விலை தராத கமக்காரன் கணக்கையும் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். உயர்தர வகுப்பில் கணக்கியல் கற்கும் மாணவன், தன் தாய் களை பிடுங்கிய நாட்களையும், கூலிக்கு வந்த பெண்ணுக்குக் கொடுத்த காசையும், சந்தையிற் கழிக்கப்பட்ட கிலோவையும் ஒரு போகம் முழுவதும் கொப்பியில் பதியட்டும். நூறு வீடுகளின் கொப்பிகள் ஒன்றுசேர்ந்தால் அது ஓர் ஊரின் அடக்கவிலை. கமக்காரர் சங்கம் அதனை ஏந்திக்கொண்டு சந்தைக்கும் திணைக்களத்துக்கும் செல்லும்போது, விலை சொல்லும் உரிமை ஒரு தரப்புக்கே உரியதாக இராது. அந்தக் கொப்பியின் முதற்பத்தியில் உழைத்தவர்களின் நாட்கள் எழுதப்படவேண்டும்; மற்றச் செலவுகள் அதன் கீழே வரட்டும்.