'இப்படிக்கு' என்ற சொல்லின் கதை: திருமுகம் முதல் விண்ணப்பம் வரை

சித்தூர் மாவட்டத்தின் விஜயபுரத்தில் மண்டல அலுவலகத்துக்கு எழுதப்படும் தெலுங்கு விண்ணப்பம் 'இட்லு' என்ற சொல்லோடு முடிகிறது. அதன் கீழே எழுதியவர் பெயரும் கையொப்பமும் இடம்பெறும். மாநில எல்லைக்கு இப்பால் திருத்தணியில் எழுதப்படும் தமிழ் விண்ணப்பம் 'இப்படிக்கு' என்று முடிகிறது. இரண்டு சொற்களுக்கும் பொருள் ஒன்றே: 'இவ்வாறு'. கன்னடக் கடிதம் 'இந்தி' என்றும், மலையாளக் கடிதம் 'என்னு' என்றும் முடிகின்றன. அவையும் இதே பொருளின் வேறு வடிவங்கள். அண்டை மொழிகள் நான்கும் கடிதத்தை முடிக்க ஒரே வகைச் சொல்லைத் தேர்ந்திருப்பது மொழியியல் நோக்கில் கவனத்திற்குரியது.

ஆங்கிலக் கடிதம் வேறு வகையில் முடிகிறது. 'தங்கள் உண்மையுள்ள', 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்ற தொடர்கள் அங்கிருந்து வந்தவை. எழுதுபவர் பெறுபவருக்கு எவ்வகையில் உரியவர் என்பதை அவை அறிவிக்கின்றன. 'இப்படிக்கு' அத்தகைய உறவு எதையும் கூறுவதில்லை. மேலே எழுதியது இவ்வாறே உள்ளது, அதற்கு இன்னார் பொறுப்பு என்று மட்டுமே அது கூறுகிறது. முன்னது பணிவின் மொழி. பின்னது சான்றின் மொழி. இன்றைய தமிழ் அலுவல் கடிதத்தில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை எவ்வாறு ஒன்று சேர்ந்தன என்பதை அறிய, இந்த எல்லைப்பகுதியின் ஆவணங்களே போதுமான சான்றுகளைத் தருகின்றன.

விஜயபுரத்தின் அண்டைப் பகுதியில் உள்ள திருவாலங்காட்டில் 1905ஆம் ஆண்டு ஒரு செப்பேட்டுத் தொகுதி கிடைத்தது. 31 ஏடுகளைக் கொண்ட அத்தொகுதி முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எச். கிருஷ்ண சாஸ்திரி பதிப்பித்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் 1920இல் வெளிவந்தது. சோழர் மரபின் புகழைப் பாடும் வடமொழிப் பகுதியையே வரலாற்றாசிரியர்கள் பெரிதும் பயன்படுத்தியுள்ளனர். ஆனால் அதனினும் நீண்ட தமிழ்ப் பகுதியே கடித வரலாற்றுக்கு உரியது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு அளிக்கும் ஆணை எவ்வாறு பிறந்தது, யார் யார் கைவழியே சென்றது, எங்குப் பெறப்பட்டது என்பதை அப்பகுதி படிப்படியாகப் பதிவு செய்கிறது.

சோழர் ஆட்சியில் அரசன் வாய்மொழியாகக் கூறுவது 'திருவாய்க்கேள்வி'. அதனைக் கேட்டு ஓலையில் எழுதுபவர் 'திருமந்திர ஓலை'. எழுதியது சரியென்று ஒப்புபவர் 'திருமந்திர ஓலை நாயகம்'. பின்னர் அது புரவுவரித் திணைக்களத்துக்குச் செல்லும். அங்கு வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை எனப் பல பொறுப்பினர் கூடியிருந்து அதனைக் கணக்கில் ஏற்றுவர். செப்பேடுகள் இப்பதவிகளை மட்டும் கூறி நின்றுவிடுவதில்லை. ஒவ்வொரு பதவியிலும் அன்று இருந்தவரின் பெயரையும் ஊரையும் தருகின்றன. ஓர் ஆணையில் பிழை நேர்ந்தால் அது எந்தக் கையில் நேர்ந்தது என்று கேட்க வழி இருந்தது என்பதே இப்பட்டியலின் பொருள்.

ஊர் நோக்கிப் புறப்படும் ஆணைக்குத் 'திருமுகம்' என்று பெயர். 'முகம்' என்ற சொல் இங்கு ஓர் உருவகம். அரசனின் முகமே ஓலையாக வருகிறது. ஆகவே ஓலையை வரவேற்பது அரசனை வரவேற்பதாகும். திருமுகத்தின் விளிப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நாட்டார்க்கும், பிரமதேயக் கிழவர்க்கும், தேவதானம், பள்ளிச்சந்தம் முதலிய ஊர்களில் உள்ளார்க்கும், நகரத்தார்க்கும் எனப் பெறுபவர் வரிசைப்படுத்தப்படுகின்றனர். அரசன் ஒரு தனி அதிகாரியை மட்டும் விளிக்காமல் நாட்டின் அவைகளை விளிக்கிறான்.

பெறுபவரின் கடமை அடுத்துத் தொடங்குகிறது. திருமுகம் வரக் கண்டதும் நாட்டார் எழுந்து எதிர்சென்று, தொழுது, வாங்கித் தலைமேல் வைத்தனர் என்று சோழர் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னர் பெண் யானையை நடத்தி, அது சுற்றி வந்த வழியே ஊரெல்லையைக் குறித்தனர். கல்லும் கள்ளியும் நாட்டினர். இவை யாவும் நிறைவேறியபின் நாட்டார் தாமே ஓர் ஓலை எழுதி அரசுக்கு அனுப்பினர். பல்லவர் செப்பேடுகள் இதனை 'அறையோலை' என்கின்றன. சோழர் செப்பேடுகளில் 'அறவோலை' என்ற வடிவம் காணப்படுகிறது. இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த காசாக்குடிச் செப்பேட்டிலும், ஊற்றுக்காட்டுக்கோட்டத்து நாட்டார் ஆணையைத் தலைக்கு வைத்து, எல்லை நடந்து, அறையோலை விடுத்த செய்தி உள்ளது. எனவே இது பல நூற்றாண்டுகள் நிலைத்திருந்த மரபு.

கடித ஒழுக்கம் என்ற நோக்கில் இம்மரபைப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. இங்கு மரியாதை என்பது மறுமொழியில் நிறைவுறுகிறது. ஓலையைத் தலையில் வைப்பதோடு பெறுபவரின் கடமை முடிவதில்லை. சொன்னதைச் செய்து, செய்ததை எழுதி அனுப்பினால்தான் அது முடிகிறது. ஆனைமங்கலம் என்ற ஊரை நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு அளித்த லெய்டன் பெரிய செப்பேடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு 92ஆம் நாளில் அரசன் வாய்மொழிந்ததும், 96ஆம் நாளில் அது வரிக்கணக்கில் ஏறியதும் அதில் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன. எல்லை நடந்து ஆவணம் முடிந்தது 23ஆம் ஆட்சியாண்டில். நாள் வாரியாகக் கணக்கு வைக்கப்பட்டதால், எந்தக் கட்டத்தில் எவ்வளவு காலம் சென்றது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் கூற முடிகிறது.

இம்மரபை மிகையாகப் போற்றுவதும் பொருந்தாது. திருமுகத்தை எதிர்கொண்ட நாட்டார் நிலவுடைமையாளர்கள். உழுதவர்களுக்கு ஓலை எதுவும் வரவில்லை. அவர்கள் அனுப்பியதாகவும் பதிவில்லை. யார் எழுத்துக்கு உரியவர் என்ற எல்லை அங்கு மிகக் கண்டிப்பாக இருந்தது. ஆயினும், அந்த எல்லைக்குள் எழுதியவரும் பெற்றவரும் ஒருவருக்கொருவர் விடையளிக்கக் கடமைப்பட்டிருந்தனர்.

'இப்படிக்கு' என்ற சொல்லின் வேர் அரசாணையைவிட விற்பனை ஆவணங்களிலும் கொடை ஆவணங்களிலும் தெளிவாகத் தெரிகிறது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் சாட்சிகள் 'இப்படி அறிவேன்' என்று கூறித் தம் பெயரைப் பொறித்தனர். எழுதத் தெரியாதவர் இட்ட குறி 'தற்குறி' எனப்பட்டது. அக்குறி அவருடையதே என்று எழுதத் தெரிந்த வேறொருவர் சான்று கூறுவார். எழுத்தறியாதவர் என்ற இழிபொருளில் இன்று வழங்கும் 'தற்குறி', அன்று எழுத்தறியாதவரும் ஆவணத்தில் பங்குகொள்ள இருந்த வழியின் பெயர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விஜயநகரக் காலத்தில் இவ்வாய்பாடு முழு வடிவம் பெற்றதைத் திருமலையில் காணலாம். திருமலை, திருப்பதி கோயில்களின் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் அவற்றை 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பல, திருமலை ஸ்தானத்தார் கொடையாளருக்குச் 'சிலாசாசனம் பண்ணிக் கொடுத்தபடி' என்று தொடங்குகின்றன. பின்னர் வருவது ஏறத்தாழ ஒரு வணிக ஒப்பந்தம். கொடையாளர் ஸ்ரீபண்டாரத்தில் செலுத்திய பணம் எவ்வளவு, அதனைக் கொண்டு எந்த ஊரில் ஏரியோ கால்வாயோ வெட்டப்படும், அதன் விளைச்சலிலிருந்து எந்தெந்த நாளில் என்னென்ன அமுது படைக்கப்படும் என்பன முறையாக எழுதப்படுகின்றன. படைத்த பிரசாதத்தில் கொடையாளருக்கு உரிய நாலில் ஒரு பங்குக்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது நடைபெறும் என்ற உறுதியும் உண்டு.

இந்த ஆவணங்களின் முடிவில் வருவதே நம் சொல். ஸ்ரீவைஷ்ணவர்கள் பணியால், கோயில் கணக்குத் திருநின்றவூருடையான் எழுத்து என்று கல்வெட்டுகள் மீண்டும் மீண்டும் முடிகின்றன. 'இப்படிக்கு இவை இன்னார் எழுத்து' என்பதே முழு வாய்பாடு. 'படி' என்பதற்கு 'முறை, வகை' என்று பொருள். 'கு' நான்காம் வேற்றுமை உருபு. இவ்வாறு அமைந்ததற்கு இது இன்னாருடைய கையெழுத்து என்பது தொடரின் பொருள். காலப்போக்கில் 'இவை', 'எழுத்து' என்ற இரு சொற்களும் மறைந்தன. தொடக்கத்தில் நின்ற 'இப்படிக்கு' என்ற சொல்லும் இறுதியில் நின்ற பெயரும் எஞ்சின. 'கையெழுத்து' என்ற சொல்லில் மட்டும் அந்தப் பழைய 'எழுத்து' இன்றும் வாழ்கிறது.

கம்பெனி ஆட்சியில் இந்த ஒழுங்கின் திசை மாறியது. அக்காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். தமிழரும் தெலுங்கரும் கலெக்டருக்கு எழுதிய கடிதத்துக்கு 'அர்ஜி' என்று பெயர். அதன் விளிப்பு இரு மொழிகளிலும் 'மகாராஜராஜஸ்ரீ' என்று தொடங்கி 'அவர்கள்' அல்லது 'காரு' என்று முடிந்தது. சுருக்கமாக 'ம-ரா-ரா-ஸ்ரீ' என்று எழுதும் வழக்கம் ஆங்கில அலுவல் கடிதங்களிலும் புகுந்து, சென்னை மாகாணம் முழுவதும் நிலைத்தது. விளிப்பு நீண்டது, எழுதுபவரின் பணிவும் நீண்டது. 'கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்ற முடிவுரை 'இப்படிக்கு' என்ற சொல்லோடு வந்து சேர்ந்தது. ஆனால் பெறுபவரின் கடமையைக் கூறும் வாய்பாடு எதுவும் இந்தப் புதிய கடிதத்தில் இடம்பெறவில்லை. எதிரெழுந்து வாங்கும் நாட்டாரும் இல்லை; அறையோலையும் இல்லை.

இதன் விளைவை 1855இல் வெளியான சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை காட்டுகிறது. வரி தண்டுவதில் நடந்த கொடுமைகள் பற்றி 1,959 முறையீடுகள் அக்குழுவின் முன் வந்தன. மேலிடத்துக்கு மக்கள் அனுப்பிய மனு, குறிப்பு ஒன்றுடன் கீழ்நிலை அதிகாரிக்கே திரும்பிச் செல்வது அக்கால நடைமுறை. பெரும்பாலும் அந்த அதிகாரியின் மீதே மனு எழுதப்பட்டிருக்கும். பணிவுச் சொற்களில் குறைவைத்ததால் அந்த மனுக்கள் தோற்கவில்லை. பெற்றவர் விடையளித்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அவை தோற்றன.

1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1960 ஏப்ரல் 1 அன்று, படாஸ்கர் பரிந்துரையின் வழியே, திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. விஜயபுரம் ஆந்திரப் பிரதேசத்தில் நீடித்தது. தமிழகத்தில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆந்திரத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் தெலுங்கை ஆட்சிமொழியாக்கியது. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற தெளிவான அமைப்பு தமிழ் அலுவல் கடிதத்துக்குக் கிடைத்தது. வீட்டில் தமிழ் பேசும் விஜயபுரத்துக் குடும்பம் அலுவலகத்துக்குத் தெலுங்கில் எழுதுகிறது. மொழி மாறினாலும் முடிவுச் சொல்லின் பொருள் மாறவில்லை என்பதில் ஒரு சிறிய ஆறுதல் உண்டு.

பெறுபவரின் கடமை 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் ஓரளவு திரும்பியது. அதன்படி பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். மேல்முறையீடு யாரிடம் என்பதையும் தெரிவிக்க வேண்டும். நாட்கணக்கும் பொறுப்பாளர் பெயரும் மறுமொழியும் ஓர் ஆவணத்தில் மீண்டும் ஒன்றுசேர்கின்றன. அரசனின் ஆணைக்கு நாட்டார் விடுத்தது அன்றைய அறையோலை. குடிமகனின் கேள்விக்கு அரசு விடுக்க வேண்டியது இன்றைய அறையோலை. ஆயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்த முக்கிய மாற்றம் இதுவே.

பள்ளியிலும் கல்லூரியிலும் அலுவல் கடிதம் கற்பிக்கப்படும்போது, இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது, எங்குக் காற்புள்ளி இடுவது என்பனவே பெரிதும் வலியுறுத்தப்படுகின்றன. 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற தொடரை மாணவர் எளிதில் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். 'இப்படிக்கு' என்ற சொல்லின் பொருளை அவர்களுக்கு எவரும் விளக்குவதில்லை. விளக்கினால், கடித ஒழுக்கத்தின் முதல் விதி பணிவன்று என்பது அவர்களுக்குப் புரியும். எழுதியது உண்மையென ஏற்று அதன் கீழ்ப் பெயரிடுவது எழுதுபவரின் ஒழுக்கம். அதனைப் பெற்று, செய்து, செய்ததை எழுதி அனுப்புவது பெறுபவரின் ஒழுக்கம். திருவாலங்காட்டுச் செப்பேடும் திருமலைக் கல்வெட்டும் இவ்விரண்டையும் பிரிக்காமல் வைத்திருந்தன.